சரி என்றொரு பொத்தான்

ஐப்பசி 6, வியாழன்

என் பெயர் கொம்பையா. இதை நானே எழுதினேன். யாரும் கையைப் பிடிக்கவில்லை.

உடம்பில் தெம்பு இருந்த வரை அரிசி மில்லில் மூட்டை தூக்கினேன். மூட்டை மேல் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே தூக்கினேன். நேற்று மில் வாசலில் நின்று ஒரு மூட்டையை வாசித்தேன். புழுங்கல் அரிசி. ‘ழு’வில் மூச்சு வாங்கியது. ஆனால் தாண்டிவிட்டேன்.

தினமும் எழுதினால்தான் கை நிற்கும் என்று முதியோர் வகுப்பு டீச்சர் சொன்னார். காலையில் எழுத உட்கார்ந்தேன். இப்போது பக்கத்து வீட்டில் குழம்பு தாளிக்கிறார்கள்.

ஐப்பசி 8, சனி

வீட்டில் நானும் மருமகள் சண்முகவடிவும் மட்டும். மகன் கப்பலில் சமையல்காரன். வடிவு வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். போனுக்குள் இருக்கிற செயலிகளைச் செய்கிற கம்பெனி.

இப்போது எங்கள் ஆற்றங்கரைத் தெருக்களுக்கென்று ஒரு செயலி செய்கிறார்கள். ஆற்றில் தண்ணீர் ஏறினால் எல்லார் போனிலும் ஒரு பெட்டி எழும்புமாம். அந்தப் பெட்டியைச் செய்வதுதான் வடிவின் பங்கு.

“பெட்டின்னா?” என்று கேட்டேன்.

“பாப்-அப் மாமா. நீங்க போன்ல என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தாலும் அதுக்கு மேல வந்து நிக்கும். பதில் சொல்லாம போவாது.”

“உங்க அத்தை மாதிரி.”

செத்துப்போனவளைச் சொன்னதற்குச் சிரிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அப்புறம் ஒரு பழைய போனைக் கொடுத்தாள். அவள் செய்கிற பெட்டிகளை அதில் அனுப்புவாளாம். நான் வாசித்துச் சொல்ல வேண்டும்.

“எனக்கு எழுத்துக் கூட்டத்தான தாயி தெரியும்?”

“எழுத்துக் கூட்டி வாசிக்கவங்களுக்குத்தான் மாமா இது. எங்க ஆபீஸ்ல எல்லாரும் கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள வாசிச்சுருதாவ. அவுகள வச்சுப் பாத்து என்ன பிரயோசனம்?”

ஆக, எனக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது. மூட்டை இல்லாத வேலை.

ஐப்பசி 11, செவ்வாய்

முதல் பெட்டி வந்தது. வெள்ளையாக, சின்னதாக. ‘ஆற்றில் தண்’ வரை வாசித்தேன். காணாமல் போய்விட்டது. விரல் பெட்டிக்கு வெளியே பட்டுவிட்டதாம்.

போனோடு வருகிற பெட்டி அப்படித்தான், அதனால்தான் நாங்களே சொந்தமாகச் செய்கிறோம் என்றாள் வடிவு. சாயங்காலம் அவள் செய்ததை அனுப்பினாள். போன் முழுக்கக் கறுத்தது. நடுவில் சிவப்பாக ஒரு பெட்டி. கூடவே சங்கு ஊதியது. மில் சங்கைவிடக் கொடூரமான சத்தம். கையிலிருந்த காப்பியைக் கொட்டிவிட்டேன். வெளியே எங்கே தொட்டாலும் போகவில்லை. பின்னால் போகிற அம்புக்குறியைத் தொட்டேன், அதற்கும் போகவில்லை.

“பயமா இருக்கு தாயி.”

“பயப்படணும் மாமா. அதுக்குத்தான்.”

போன வெள்ளத்தில் ஊருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆற்றங்கரை வீடுகளில் தண்ணீர் கட்டிலுக்கு அடியில் வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது. அதை நினைத்தால் பெட்டி எவ்வளவோ தேவலை. 

ஐப்பசி 14, வெள்ளி

மழை. வகுப்பு இல்லை. இருந்திருந்தால் கூடப் படிக்கிற தங்கபுஷ்பத்துக்கு ‘ஞ’ எழுதிக் காட்டியிருப்பேன்.

ஐப்பசி 18, செவ்வாய்

இன்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெட்டியில் இப்படி இருந்தது. ‘ஆற்றில் வெள்ளம் வருகிறது. உடனே மேட்டுக்குச் செல்லவும்.’ இதை முழுக்க வாசித்துவிட்டேன். கீழே பச்சையாக ஒரு பொத்தான். அதில் ‘வெளியேறு’ என்று இருந்தது.

“இது என்ன தாயி, மரியாத இல்லாம? வெளியேறுன்னு சொல்லுது. எவன் வீட்டுல இருந்து எவன் வெளியேற?”

வடிவு ஓடி வந்து பார்த்தாள். அவள் போட்டது ‘வெளியேறுகிறேன்’. பழைய போனில் திரை சின்னது. பொத்தானுக்குள் இடம் போதாமல் வால் அறுந்து, பின்னால் மூன்று புள்ளி மட்டும் நின்றது. எழுத்தைச் சிறிதாக்கினாள். எனக்குத் தெரியவில்லை. இரண்டு வரியாக்கினாள். கொம்பு ஒரு வரியிலும் எழுத்து இன்னொரு வரியிலும் போயின. இங்கிலீஷில் இரண்டே எழுத்துதானாம். தமிழுக்குத்தான் இந்தப் பாடு என்று தலையில் கை வைத்தாள்.

எனக்குச் சட்டென்று தோன்றியது. “சரின்னு போடேன்.”

“சரியா?”

“ரெண்டே எழுத்து. நான் நிக்காம வாசிக்க மொத வார்த்தை அதுதான். எல்லாரும் வாசிப்பாவ.”

போட்டுப் பார்த்தாள். பொத்தானுக்கு நடுவில், நாலு பக்கமும் இடம் விட்டு, அழகாக உட்கார்ந்தது. ஆபீசுக்கு அனுப்பினாள். அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். ஊர் முழுக்க எல்லார் போனிலும் நான் கொடுத்த வார்த்தை!

ஐப்பசி 20, வியாழன்

வகுப்பில் எல்லாருக்கும் சொன்னேன். பெட்டி வந்தால் பதறாதீர்கள், பச்சையாக ‘சரி’ என்று இருக்கும், அதை அமுக்குங்கள், சங்கு நின்றுவிடும் என்று போனை வைத்துக் காட்டினேன். டீச்சர் கைதட்டச் சொன்னார்.

தங்கபுஷ்பம் தட்டவில்லை. அவள் படித்துறைத் தெருவில் இட்லிக்கடை வைத்திருக்கிறாள். தனி ஆள். முட்டுவலி. வகுப்பில் எனக்கு ஒரு பாடம் முந்தியே போவாள்.

“ரெண்டு எழுத்தக் குடுத்துட்டு என்னமோ ரெண்டு கோட்டை நெல்லக் குடுத்த மாதிரி நிக்கீரே, மில்லுக்காரரே.”

“நீ ஒரு எழுத்து குடேன் பாப்பம்.”

“நான் இட்லி குடுப்பேன். அது போதும் ஊருக்கு.”

வகுப்பு முடிந்ததும் வடிவு வந்து அவள் போனிலும் செயலியைப் போட்டுக் கொடுத்தாள். என் பெயரையும் எங்கள் போனையும் சேர்த்தாள். நாங்கள் இருப்பது மேட்டுத் தெரு, இங்கே தண்ணீர் வராது, சும்மா சோதனைக்கு.

புஷ்பத்தின் ‘ஞ’ என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கார்த்திகை 8, திங்கள்

நாலு நாளாக விடாத மழை. ஆறு சத்தம் போடுகிறது. வடிவு ஜன்னலைச் சாத்துகிறாள், சாத்திய பிறகும் கேட்கிறது.

கார்த்திகை 14, ஞாயிறு

மேலே அணையில் தண்ணீர் திறக்கலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். கடற்கரை ஊரிலிருந்து மீனவர்கள் லாரியில் படகுகளை ஏற்றி வந்து பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இறக்கியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தலைவர் ராயப்பன். எங்கள் வீட்டுக்கு வந்து வடிவிடம் எல்லாம் கேட்டுக்கொண்டார். வடிவின் கம்ப்யூட்டரில் எல்லார் பெயரும் தெருவாரியாக வரும். பெட்டிக்குப் பதில் சொல்லாதவர் சிவப்பு. பதில் சொன்னவர் பச்சை, கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். படகு சிவப்புக்குப் போகும்.

“செவப்புக்குப் போ, பச்சைய விடு. அவ்வளவுதான? ட்ராபிக் போலீசுக்கு நேர் எதிரு,” என்றார் ராயப்பன்.

எல்லாரும் சிரித்தோம்.

கார்த்திகை 15, திங்கள்

காலையில் பெட்டி வந்தது. சோதனை இல்லை. நிஜம். சங்கை நிறுத்துகிற அவசரத்தில் வாசித்து முடிக்காமலே அமுக்கிவிட்டேன்.

வடிவு கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். கரண்டு இல்லை. பேட்டரியில் ஓடுகிறது. பெயர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின்றன. படித்துறைத் தெருவை எனக்குக் காட்டினாள். தங்கபுஷ்பம், பச்சை.

“கெளம்பிட்டாவ மாமா. மூச்சு விடுங்க.”

விட்டேன்.

மதியம்

கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எழுதுகிறேன்.

ஒரு மணி நேரமாக வடிவின் தோளுக்குப் பின்னால் நின்று பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தேன். இத்தனை பெயரையும் நானே வாசிக்கிறேன் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. மேட்டுத் தெரு வந்தது. கொம்பையா. என் பெயர். கம்ப்யூட்டருக்குள் என் பெயரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பச்சையாக இருந்தது.



“தாயி. நான் பச்சையா இருக்கேன்.”

“ஆமா மாமா. சரி அமுக்கினீயள்லா.”

“நான் கெளம்பலயே. இங்கதான நிக்கேன்.”

வடிவு திரும்பி என்னைப் பார்த்தாள்.  பச்சை எல்லாவற்றையும் மேலிருந்து கீழ்வரை ஓட்டினாள். தெருத் தெருவாகப் பச்சை.

எதற்கும் சரி என்றுதான் சொல்கிறோம். போய் வா என்றால் சரி. செத்துப்போனார் என்றால் சரி. கேட்டாயிற்று என்பதற்கும் சரி. வாயை மூடு என்பதற்கும் சரி. வெளியேறிவிட்டேன் என்று அதற்கு யார் அர்த்தம் வைத்தார்கள்?

வடிவு ராயப்பனுக்குப் போன் போட்டாள். காற்றுச் சத்தத்தில் அவர் கத்துவது எனக்கே கேட்டது. “ஏம்மா, பச்சைத் தெருவ எல்லாம் விட்டுட்டுத் தாண்டி வந்துட்டோமே! இனி எதிர்த்தண்ணியில திரும்பணுமே!”

“திரும்புங்கண்ணே. பச்சைய நம்பாதீங்க. முதல்ல படித்துறைத் தெரு.” என்றாள் வடிவு.

சற்றுக் கழித்து

வடிவு புதிதாக ஒரு பெட்டி செய்தாள். பேட்டரி தீர்வதற்குள் செய்ய வேண்டும். விரல்கள் ஓடின. நடுவில் கேட்டாள், “பொத்தான்ல என்ன போட மாமா?”

எனக்கு எந்த வார்த்தையைப் பார்த்தாலும் பயமாக இருந்தது.

அவளே போட்டாள். ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு பொத்தான். ‘வீட்டில் இருக்கிறேன்.’ ‘மேட்டில் இருக்கிறேன்.’ சோதித்துப் பார்க்க நேரமில்லை. அனுப்பிவிட்டாள்.

பச்சைகள் சிவப்பாக மாறின. ஒன்று, அப்புறம் சேர்ந்தாற்போல நாலைந்து, அப்புறம் எண்ண முடியாமல். வீட்டில், வீட்டில், வீட்டில். எல்லாரும் வீட்டிலேயே இருந்திருக்கிறார்கள்.

தங்கபுஷ்பம் மாறவில்லை. காலையில் வந்த பச்சை அப்படியே நிற்கிறது. போன் செத்திருக்கும் என்கிறாள் வடிவு.

இப்போது கம்ப்யூட்டரும் அணைந்துவிட்டது.

கார்த்திகை 16, செவ்வாய்

படித்துறைத் தெருவில் ஓடுகள் மட்டும்தான் தெரிகின்றனவாம்.

இட்லிக்கடை இருந்த இடம் தெரியவில்லையாம்.

அதே நாள்

எழுத வரவில்லை. ‘க’ போட்டால் கோணுகிறது.

கார்த்திகை 17, புதன்

உயிரோடு இருக்கிறாள்.

பக்கத்தில் கட்டி முடிக்காத வீடு ஒன்று இருக்கிறது. மேலே கூரையில்லை, வெறும் மாடிப்படி மட்டும். உட்கார்ந்த வாக்கில் ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக நகர்ந்து உச்சிக்குப் போயிருக்கிறாள். அங்கேயே மழையில் இருந்திருக்கிறாள். ராயப்பனின் படகு இரண்டு முறை அந்தப் பக்கம் போயும் பார்க்கவில்லை. மூன்றாவது முறை அவள் கையோடு கொண்டுபோன இட்லித் தட்டை எறிந்திருக்கிறாள். ராயப்பனின் தோளில் பட்டதாம்.

பள்ளிக்கூட முகாமில் இருக்கிறாள். வடிவு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எனக்குச் செருப்பு அறுந்துவிட்டது, போகவில்லை.

கார்த்திகை 18, வியாழன்

சேறு. வழுக்கும். போகவில்லை.

கார்த்திகை 19, வெள்ளி

“வாரீயளா இல்லையா மாமா?” வடிவு வாசலில் நின்று கேட்டாள்.

“தலைவலி.”

“அவுக உங்களக் கேட்டுக்கிட்டே இருக்காவ.”

“என்னன்னு?”

“வந்து நீங்களே கேளுங்க.”

போனேன். பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்பு நடக்கிற அறையில்தான் அவளுக்குப் பாய் போட்டிருந்தார்கள். கரும்பலகையில் டீச்சர் எழுதிய பாடம் அழியாமல் இருந்தது. புஷ்பம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் சுருங்கிப் போயிருந்தது. தொண்டை கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் பக்கத்துப் பாய்க்காரி நகர்ந்து இடம் விட்டாள். நான் உட்காரவில்லை.

“என்ன மில்லுக்காரரே. செருப்புத் தச்சாச்சா?”

வடிவு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

“பெட்டி வந்துச்சு,” என்றாள் புஷ்பம். “முழுசா வாசிச்சேன். நீரு வாசிச்சீரோ என்னமோ. மேட்டுக்குப் போன்னு போட்டிருந்துச்சு. இந்த முட்ட வச்சுக்கிட்டு நான் எங்க போவ? கீழ சரின்னு இருந்துச்சு. நீரு குடுத்த வார்த்தைலா? சரின்னு சொன்னா ஆளு வரும், அதுக்குத்தான் நீரு குடுத்திருப்பீருன்னு அமுக்கினேன். அமுக்கிட்டு, சேலைய மாத்திக்கிட்டு, வாசல்ல நாற்காலியப் போட்டு உக்காந்திருந்தேன். வருவாவ, வருவாவன்னு.”

“தண்ணி?”

“தண்ணிதான் வந்துச்சு.”

நான் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு எழுத்துகூட வாசிக்க முடியவில்லை.

“என்ன பேச்சையே காணும்? வகுப்புல அந்தப் பேச்சு பேசினீரு.”

“புஷ்பம்...”

“உக்காரும். தலைக்கு மேல நின்னா கழுத்து வலிக்கி.”

உட்கார்ந்தேன். அவள் கை பாயின் மேல் இருந்தது. தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

கார்த்திகை 24, புதன்

பெட்டியைத் திரும்பச் செய்கிறார்கள். வடிவு இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை. எது செய்தாலும் முதலில் முகாமுக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுகிறாள். இன்று என்னையும் கூட்டிப் போனாள். போனைப் புஷ்பத்தின் கையில் கொடுத்தாள். ‘வீட்டில் இருக்கிறேன்’, ‘மேட்டில் இருக்கிறேன்’.

புஷ்பம் விரலை வைத்து வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“வீட்டில் இருக்கிறேன்னா, கால நீட்டிப் படுத்திருக்கேன்னு நெனச்சுக்கிட மாட்டானா? சொல்ல வேண்டியதச் சொல்லணும் பிள்ள. என்னைக் கூட்டிட்டுப் போங்க. அப்படிப் போடு.”

“அவ்வளவு நீளம் பொத்தான்ல கொள்ளாது பெரியம்மா. வால் அறுந்துரும். போன தடவ அதனாலதான...” வடிவு என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

“கொள்ளாட்டிப் பொத்தானப் பெருசாக்கு. இட்லி பெருசானா தட்டப் பெருசா வாங்கணும். இட்லியவா கிள்ளுவ?”

வடிவு அங்கேயே கம்ப்யூட்டரைத் திறந்தாள். சங்குப் படத்தை எடுத்தாள். ஓரத்து அலங்காரத்தை எடுத்தாள். பொத்தானைப் பெட்டியின் அகலத்துக்கு இழுத்தாள். பெட்டியில் பாதி இப்போது பொத்தான்தான். பார்க்க நன்றாக இல்லை. என் பழைய போனில் வால் அறுகிறதா என்று என்னிடம் கொடுத்தாள்.

அறவில்லை. வாசித்தேன். ‘என்னைக் கூட்டிட்டுப் போங்க.’ மூன்று இடத்தில் நின்று நின்று வாசித்தேன். வாசித்துவிட்டு அமுக்கச் சொன்னாள் வடிவு. விரல் போகவில்லை. சோதனைதான் மாமா என்றாள். போகவில்லை. கடைசியில் புஷ்பம் என் கையிலிருந்து வாங்கி அமுக்கினாள்.

மார்கழி 2, புதன்

மறுபடியும் மழை. புஷ்பம் போன வாரமே வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு பக்கச் சுவர் நிற்கிறதாம், அது போதுமாம், சேற்றை வாரிக்கொண்டிருக்கிறாள். சொன்னால் கேட்கமாட்டாள்.

மதியம் பெட்டி வந்தது. சங்கு ஊதியது. இந்த முறை கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்தேன். மறுபடியும் ஒரு முறை வாசித்தேன். வடிவு உள்ளேயிருந்து, “மாமா, அத நிறுத்துங்களேன்!” என்று கத்தினாள். பிறகுதான் ‘மேட்டில் இருக்கிறேன்’ என்பதை அமுக்கினேன்.

வடிவின் பின்னால் போய் நின்றேன். எல்லாப் பெயரும் சாம்பல் நிறத்தில் இருந்தன. பதில் சொல்லாதவருக்கு இப்போது அந்த நிறம். முதல் பெயர் சிவப்பானது. படித்துறைத் தெரு, தங்கபுஷ்பம். பெயருக்குப் பக்கத்திலேயே அந்த மூன்று வார்த்தையும் வந்து நின்றன.

“ராயப்பண்ணனுக்குச் சொல்லிட்டேன் மாமா. ஆள் போவுது,” என்றாள் வடிவு. அப்புறம் திரும்பிப் பார்த்தாள். “நீங்க எங்க கெளம்புதிய?”

“தண்ணி இன்னும் படித்துறைக்குக் கீழதான கெடக்கு?”

“அதுக்கு? படகு ஏற்பாடு இருக்குல்லா. உங்கள யாரு வரச் சொன்னா?”

கூட்டிட்டுப் போங்க என்றுதான் இருக்கிறது. யார் வர வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை. நன்றாக வாசித்துப் பார்த்துவிட்டேன். குடையை எடுத்துக்கொண்டேன்.